ஏழாம் இடத்து வெளிச்சம்

தனேஸ்வரி வேலைக்குப் போகும் நாள்களில் நெற்றியில் திருநீறு வைப்பதில்லை. பக்தி குறைந்து போனதால் அல்ல. அவர் வேலை செய்யும் அறைக்குள் தூள் எதுவும் போகக்கூடாது. திருநீறு, முகப்பவுடர், தலைப்பூ, கண்மை எல்லாம் வெளியே. வாசலில் பசை தடவிய பாய் ஒன்று கிடக்கும். அதில் இரண்டு காலையும் பதித்து, வெள்ளை அங்கியும் தலையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கண்கள் மட்டும்தான் தெரியும். உள்ளே போய்விட்டால் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே ஆள்தான் என்று அவர் சொல்வதுண்டு.

அசாம் ஜாவா சந்திப்பிலிருந்து ஈஜோக் போகும் சாலையில், ஒரு லோரிப் பட்டறைக்கும் பலகைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தச் சிறிய தொழிற்சாலை. வெளியிலிருந்து பார்த்தால் ஏர்கோன் பழுதுபார்க்கும் இடம் போலத் தெரியும். உள்ளே தயாராவது போலோமீட்டர். பெயர்தான் பெரிது, பொருள் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

சூரியனுக்குள் நடப்பதை ஒரு கலனுக்குள் நடத்திப் பார்க்கச் சில நாடுகள் பல காலமாக முயன்று வருகின்றன. கலன் வளையம் போல இருக்கும். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஹைட்ரஜனை விட்டு, கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் வாயு வாயுவாக இருக்காது, பிளாஸ்மா ஆகிவிடும். அது சுவரைத் தொட்டுவிடாமல் காந்தங்கள் பிடித்து வைத்திருக்கும். ஆனால் வெளிச்சத்தைக் காந்தத்தால் பிடிக்க முடியாது. பிளாஸ்மா தன் சூட்டை ஒளியாக இழந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி கொஞ்சம், தெரியாதது நிறைய. இப்படி எவ்வளவு போகிறது, கலனின் எந்த இடத்திலிருந்து போகிறது என்று தெரியாமல் மற்ற எந்தக் கணக்கையும் போட முடியாது. அதை அளப்பதுதான் போலோமீட்டரின் வேலை.

தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய தங்கத் தகடு ஒன்று. பளபளக்கும் தங்கம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் அதன் மேல் கரி பூசியிருக்கும். ஒளி விழும்போது தகடு ஒரு டிகிரியில் ஏதோ ஒரு சிறு பங்கு சூடாகும். முதுகில் ஒட்டியிருக்கும் நுண்கம்பி அந்தச் சூட்டை மின்சாரமாகச் சொல்லும். ஆனால் ஒரே ஒரு தகடு சொல்வதை நம்ப முடியாது. சுற்றுப்புறம் சூடானாலும் அது சூடாகும் அல்லவா? அதனால் பக்கத்திலேயே அச்சாக அதே போல இன்னொரு தகடு, மூடி போட்டு இருட்டில் இருக்கும். ஒன்று வெளிச்சத்தைப் பார்க்கும், இன்னொன்று பார்க்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. ஒன்றை அது இல்லாத ஒன்றோடு வைத்துத்தான் அறிய முடியும் என்று பக்கம் பக்கமாக எழுதிய தத்துவக்காரர்களுக்கு இந்தத் தீப்பெட்டியைக் காட்டியிருக்கலாம். தனேஸ்வரிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவர் ஒரு தகட்டை ‘முழிச்சிருக்கிறது’ என்பார், மற்றதைத் ‘தூங்குறது’ என்பார்.

அவர் பிறந்தது சுங்கை ஆயர் தாவார் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா டிராக்டர் ஓட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். படிப்பு முடிந்ததும் தோட்டத்துப் பெண்கள் பலரைப் போல அவரும் ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார். தங்கும் விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை. வேலை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுவது. பல ஆண்டுகள் அதையே செய்தார். கல்யாணமாகி அசாம் ஜாவாவுக்கு வந்த பிறகும் தொழிற்சாலை பேருந்திலேயே போய்வந்தார். அது மூடப்பட்டபோது, பழகிய கை என்று இங்கே எடுத்துக்கொண்டார்கள்.

அவருக்கு அபூர்வமான கை என்று தொழிற்சாலையில் பேச்சு உண்டு. அப்படிச் சொல்லிவிட மனம் ஒப்பவில்லை. அவர் அவசரப்படுவதில்லை, அவ்வளவுதான். அவசரப்படாத மனிதர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அவசரப்படாமல் இருக்க விடுகிற வேலைகள்தான் குறைவு. தகட்டைச் சட்டத்தில் உட்கார வைக்கும்போது அவர் மூச்சை அடக்குவதில்லை. அடக்கினால் பிறகு பெருமூச்சாக வரும், தகடு பறந்துவிடும். மெதுவாக விட்டு, விட்டு முடித்த இடைவெளியில் இடுக்கியை இறக்குவார். இதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஓராண்டு பிடித்தது. வேறொருவருக்கு ஆறு மாதமும் ஆகலாம்.

அந்த அறைக்குள் திருஷ்டிப் பொட்டு வந்த கதை இது. முதன்முதலில் பெரிய ஆர்டர் கிடைத்த காலத்தில், வாங்குபவர்கள் தரப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் பார்வையிட வந்தார். நுண்ணோக்கியில் தகடுகளைப் பார்த்தவர், இவ்வளவு சுருக்கமில்லாத தகட்டைத் தான் கண்டதில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். அன்று மாலையே காற்றை உறிஞ்சும் பம்பு பாதியில் நின்றது. எண்ணெய் ஆவி பின்னோக்கி ஏறி, அவர் புகழ்ந்த தகடுகள் இருந்த தட்டு முழுவதிலும் படிந்துவிட்டது. பம்பு பழையது, என்றைக்கோ நிற்க வேண்டியது அன்றைக்கு நின்றது என்று சொல்லலாம். தனேஸ்வரிக்கு அது போதவில்லை. அழகான பிள்ளையைப் பொட்டு வைக்காமல் கூட்டத்தில் காட்டினால் ஆவதுதான் ஆனது என்று அவருக்குப் பட்டது.

அடுத்த தொகுதியிலிருந்து ஒரே ஒரு போலோமீட்டரில் பொட்டு வைக்கத் தொடங்கினார். கண்மையைக் கொண்டு உள்ளே போக முடியாது. தகட்டுக்குப் பூசும் அதே கரிக்குழம்பில், தூரிகை நுனியில் மிஞ்சியதைத் தொட்டு, உலோகச் சட்டத்தின் பின்மூலையில் கடுகைவிடச் சிறிய ஒரு புள்ளி. தகட்டின் பக்கமே போவதில்லை. தொகுதிக்கு ஒன்று போதும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வைத்தால் மற்றவர்களையும் சேர்த்துக் காக்கும் என்பது அவர் கணக்கு. எதில் வைத்தோம் என்று பார்த்து வைப்பதும் இல்லை. இது இரகசியமும் அல்ல. அறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். மேலாளர் மகேந்திரனுக்கும் தெரியும். ஒருமுறை சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

இப்படியிருக்கையில், வெளிநாட்டுக்கு ஒரே தொகுதியாக அனுப்பிய இருபத்து நான்கு போலோமீட்டர்கள் ஒரு கலனில் பொருத்தப்பட்டு வேலை செய்யத் தொடங்கின. இருபத்து நான்கும் ஒரே பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்து, ஒரு சிறு இடுக்கு வழியாக உள்ளே பார்க்கின்றன. விரித்த விசிறியின் கம்பிகள் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்வைக்கோடு. முதலாவது கலனின் அடியைப் பார்க்கும், கடைசி உச்சியைப் பார்க்கும். சில வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. ஏழாவது மட்டும், பக்கத்தில் இருக்கும் ஆறும் எட்டும் காட்டுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டுகிறது. அவர்களுடைய கணினிக் கணக்கின்படி அந்த இடத்தில் அவ்வளவு ஒளி இருக்க முடியாது. ஏழாவதைத் தயாரித்தபோது வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். மரியாதையான கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சிரமம்.

மகேந்திரன் ரவாங்கிலிருந்து வருபவர், தனேஸ்வரியைவிட ஏழெட்டு வயது இளையவர். மோசமான மனிதர் இல்லை. தொழிற்சாலையின் அடுத்த ஆர்டரும் இதே இடத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது, அதனால் பதற்றமாக இருந்தார். உடைமாற்றும் அறையில் தனேஸ்வரி தலையுறையைக் கழற்றும்வரை காத்திருந்து கேட்டார்.

"யக்கா, கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொட்டு, ஏழாம் நம்பர்லதான் வச்சீங்களா?"

"தெரியாது தம்பி. நம்பர் பாத்தா பொட்டு வைப்பாங்க?"

"அவங்ககிட்ட நான் என்னான்னு சொல்றது? எங்க ஆளு கண்ணு படக்கூடாதுன்னு கறுப்பு வச்சாங்க, அது எதுலன்னு தெரியலன்னா?"

"அதான நடந்துச்சு. அப்படியே சொல்லுங்க."

மகேந்திரன் கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு, அந்த மின்னஞ்சலைத் தான் எழுதப் போவதில்லை, ஷர்மினி எழுதட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷர்மினி இயற்பியல் படித்தவள். ஒவ்வொரு போலோமீட்டரையும் அனுப்புவதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு. ஏழாவதையும் அவள்தான் சோதித்தாள், அப்போது அது ஒழுங்காகவே இருந்தது. ஆனாலும் விமானத்திலும் லோரியிலும் போன பொருள் வழியில் மாறியிருக்கலாம். சரியாக உட்காராத தகடாக இருந்தால் மாறும். அவள் நடந்ததை மறைக்காமல் எழுதினாள்: சட்டத்தின் பின்புறம் ஒரு கரிப்புள்ளி, தகட்டுக்குப் பூசும் அதே பொருள், வழக்கமாக வைப்பது, எதில் என்று குறிப்பில்லை. எதற்காக வைக்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தாள். அவர்கள் கேலி செய்யவில்லை. புள்ளி எவ்வளவு பெரிது, எவ்வளவு தடிப்பு என்று மட்டும் திருப்பிக் கேட்டார்கள்.

கையிருப்பில் இருந்த ஒரு போலோமீட்டரில் ஷர்மினியே புள்ளி வைத்துப் பார்த்தாள். காற்றில்லாத பெட்டிக்குள் வைத்து விளக்கைக் காட்டி அளந்தாள். புள்ளியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். வித்தியாசம் ஒன்றும் இல்லை. சட்டத்தில் இருக்கும் வரை பொட்டு குற்றமற்றது. ஆனால் இதனால் ஏழாவது தப்பித்துவிடவில்லை. ஒருவேளை பொட்டு வைக்கும்போது ஒரு துளி தகட்டில் தெறித்திருக்கலாம். அல்லது பொட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல், தகடு மட்டும் கோளாறாக இருக்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஏழாவது சொன்னது உண்மையா என்று யாரும் முதலில் கேட்கவில்லை. நாம் எதிர்பார்க்காததை ஒரு சாட்சி சொன்னால் சாட்சியைத்தான் விசாரிக்கிறோம். அதில் தவறும் இல்லை; பெரும்பாலும் சாட்சிதான் கோளாறு. நீதிமன்றத்தில் மட்டுமல்ல, சமையலறையிலும் அப்படித்தான்.

அடுத்த தொகுதியின் தகடு வேலையை நிறுத்தி வைத்தார்கள். விஷயம் தெளியும் வரை தனேஸ்வரி பேக்கிங் பகுதியில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மகேந்திரன் அதை நேரில் வந்து சொன்னார். ஏதாவது நடவடிக்கை எடுத்தோம் என்று அவர்களிடம் காட்ட வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார். தனேஸ்வரி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"சரிலா தம்பி. பொட்டிக்குப் பொட்டு வைக்கலாமா, அதுவும் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

மகேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பேக்கிங் வேலை தனக்குக் குறைவு என்று தனேஸ்வரி நினைக்கவில்லை. அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, காற்றுப்பை சுற்றி, ஒட்டி, எண் எழுதுவது. வானொலி கேட்டுக்கொண்டே செய்யலாம். அவரை அரித்தது வேறு. அந்த இருபத்து நான்கிலும் தகடு வைத்தது அவர்தான். கை கெட்டுப் போயிருக்கிறதா என்பதுதான். நாற்பத்து நான்கு வயது. கண்ணோ கையோ ஒரே நாளில் கெடுவதில்லை. கெட்டுக்கொண்டிருப்பது கெடுகிற ஆளுக்குத் தெரியாது. ரவாங் தொழிற்சாலையில் அப்படி இரண்டு பெண்களை அவரே பார்த்திருக்கிறார். நன்றாகத்தான் செய்கிறேன் என்று கடைசி நாள் வரை நம்பினார்கள். தானும் அப்படி ஆகியிருந்தால் இனி நுண்ணோக்கியின் முன்னால் உட்கார முடியாது. உட்கார விட்டாலும் தன்னால் உட்கார முடியாது.

ஒரு சனிக்கிழமை கோலா சிலாங்கூருக்குப் போய்க் கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்துக்கொண்டார். படிக்க மட்டும் லேசான கண்ணாடி போதும், வயசுக்கு இது சாதாரணம் என்றார் கடைக்காரர். மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனம் ஆறவில்லை. கண்ணைச் சோதிக்கக் கடை இருக்கிறது. கையைச் சோதிக்க எங்கே போவது?

கணவர் புவனேசன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அன்று மாலை குளித்துவிட்டு வந்தவர், மனைவி மேசையில் ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு கோப்பதும் உருவுவதும் மறுபடி கோப்பதுமாக இருப்பதைப் பார்த்தார்.

"தைக்கத் துணியே இல்ல, எதுக்கு ஊசி கோக்குற?"

"கை நடுங்குதான்னு பாத்தேன்."

"நடுங்குதா?"

"ஊசிக்கு நடுங்கல."

"அப்புறம் என்னா?"

"தகடு ஊசி இல்லிங்க."

புவனேசன் உட்கார்ந்தார். ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தேற்றத் தெரியாதவர்கள் செய்வதை அவரும் செய்தார், கிண்டலில் இறங்கினார்.

"சூரியனுக்குத் திருஷ்டிப் பொட்டு வச்ச ஆளு ஒலகத்துலயே நீதான். அதுக்குக் கோவம் வராம என்னா செய்யும்?"

தனேஸ்வரி சிரிக்கவில்லை. ஆனால் ஊசியை எடுத்து வைத்துவிட்டு மீன் கழுவப் போனார். அது புவனேசனுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் கலனைப் பராமரிப்புக்காகத் திறக்கும் காலம் வந்தது. போலோமீட்டர் பெட்டியைக் கழற்றி எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பினார்கள். ஷர்மினி படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பொட்டு பத்தொன்பதாவதில் இருந்தது. பின்மூலையில், வைத்த இடத்திலேயே, காய்ந்து, எதற்கும் தொந்தரவில்லாமல். பத்தொன்பதாவது ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகவே அளந்துகொண்டிருந்தது. ஏழாவதில் முன்னாலும் பின்னாலும் ஒரு புள்ளியும் இல்லை.

மகேந்திரன் அன்றைக்குத்தான் சாதாரணமாகச் சிரித்தார். பேக்கிங் மேசைக்கே வந்து, பொட்டின் மேல் குற்றமில்லை, பத்தொன்பதாம் நம்பருக்குக் கண்ணே படவில்லை என்று சொல்லி, தன் பணத்தில் எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக், வாங்கிக் கொடுத்தார். கையோடு இன்னொன்றையும் சொன்னார். இனிமேல் வரைபடத்தில் இல்லாத எதுவும் பொருளில் இருக்கக்கூடாது. வேண்டுமானால் பொட்டையும் வரைபடத்தில் சேர்த்துவிடலாம், அவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

"வரைபடத்துல போட்டா எல்லாரும் அதையே பாப்பாங்க தம்பி. அப்புறம் அது எதுக்கு? விடுங்க, இனிமே வைக்கல" என்றார் தனேஸ்வரி.

மற்றவர்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. அவர் மனம் அங்கே இல்லை. பொட்டுதான் காரணம் என்று தெரிந்திருந்தால் அவருக்கு அவமானமாக இருந்திருக்கும், ஆனால் கை தப்பித்திருக்கும். அந்தச் சில வாரங்களாக உள்ளூர அவர் அதையே நம்பிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கியது. பொட்டு விலகிவிட்டது. இனி ஏழாவதுக்கும் அதன் கோளாறுக்கும் நடுவில் நிற்பது தன்னுடைய கை ஒன்றுதான். தே தாரிக்கைக் குடிக்காமல் வைத்திருந்தார். அது ஆறி மேலே ஏடு படிந்தது.

ஷர்மினி அதைக் கவனித்தாள். மற்றவர்கள் போன பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழாவதைக் கழற்றி வீசிவிடாதீர்கள், திருப்பி அனுப்பவும் வேண்டாம், எட்டாவதோடு இடம் மாற்றிப் பொருத்துங்கள் என்று தான் எழுதியிருப்பதாகவும், அவர்களும் அதையே யோசித்து வைத்திருந்ததாகவும் சொன்னாள். எதற்கு என்று தனேஸ்வரி கேட்டார்.

"அடுப்புல ரெண்டு சட்டி வைக்கிறீங்கக்கா. ஒரே தண்ணி, ஒரே அளவு. ஒன்னு மட்டும் சீக்கிரம் கொதிக்குது. சட்டியில வித்தியாசமா, அடுப்புல வித்தியாசமான்னு எப்படிப் பாப்பீங்க?"

"மாத்தி வச்சுப் பாப்பேன்."

"அதேதான். ஏழாவது எட்டாம் எடத்துக்குப் போயும் அதிகமாக் காட்டுச்சுன்னா, நம்ம சட்டி கோளாறு."

தனேஸ்வரி தே தாரிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

"சட்டிதான்னு வந்தா?"

"வந்தா வந்ததுதான்க்கா. நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"மாத்திச் சொல்லாத. அதுக்குத்தான் கேட்டேன்."

தனக்கு வேண்டிய விடை வரும் என்று யாரும் ஆறுதல் சொல்லாதது தனேஸ்வரிக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஆறிப்போன தே தாரிக்கை ஏட்டை ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

கலனை மூடி, காற்றை உறிஞ்சி, மறுபடி பிளாஸ்மாவைக் கொண்டுவருவதற்கு அவர்களுக்கு நாளாயிற்று. அதற்குள் தீபாவளி வந்து போனது. புவனேசனின் தங்கை குடும்பத்தினர் ரவாங்கிலிருந்து வந்து தங்கிவிட்டுப் போனார்கள். தனேஸ்வரி முறுக்குப் பிழிந்தார், வீட்டுத் திரைச்சீலைகளை மாற்றினார், வேலைக்குப் போய்ப் பெட்டி ஒட்டினார். ஏழாவதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் யாராவது எட்டு என்ற எண்ணைச் சொன்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது என்று பிறகு அவரே சொன்னார்.

செய்தி ஒரு மத்தியானத்தில் வந்தது. மழை பிடித்திருந்தது, தகரக் கூரை மேல் விழுந்த சத்தத்தில் ஷர்மினி நடந்து வந்தது தனேஸ்வரிக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். மூடியிருந்த ஒரு அட்டைப் பெட்டியின் மேல், தனேஸ்வரியின் கையிலிருந்த பேனாவையே வாங்கி, இரண்டு கட்டங்கள் வரைந்தாள். ஒன்றில் ஏழாம் இடம் என்று எழுதினாள், மற்றதில் எட்டாம் இடம் என்று எழுதினாள்.

"ஏழாவது இப்ப இங்க இருக்கு, எட்டாம் எடத்துல" என்று இரண்டாவது கட்டத்தைத் தொட்டாள். "எட்டு முன்னாடி என்னா காட்டுச்சோ, அதையேதான் காட்டுது. ஒழுங்கா இருக்கு."

"எட்டு?"

"எட்டு ஏழாம் எடத்துல. ரெண்டு மடங்கு காட்டுது."

தனேஸ்வரி இரண்டு கட்டங்களையும் பார்த்தார். விரலை முதல் கட்டத்தின் மேல் வைத்தார்.

"அப்ப அதிகமாக் காட்டுறது எடம்."

"ஆமாக்கா. எடம்தான். அங்க நெசமாவே வெளிச்சம் இருக்கு."

தனேஸ்வரி பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். பிறகு கைகளைப் புரட்டிப் பார்த்தார். ஒட்டும் பசை காய்ந்து விரல்களில் உரிந்துகொண்டிருந்தது. அழுதார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அவர் அழவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்டார், ஒரு போத்தல் முழுவதையும் குடித்தார்.

என்ன நடந்தது என்பது அடுத்தடுத்த மின்னஞ்சல்களில் தெளிந்தது. கலனின் அடிப்பக்கத்தில் காந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே, அவர்களுடைய கணக்கில் வராத சிறிய ஒளிவளையம் ஒன்று உண்டாகியிருக்கிறது. வளையம் சிறிது, ஆறாவதின் கோடு அதற்குக் கீழே போகிறது, எட்டாவதின் கோடு மேலே போகிறது, ஏழாவதின் கோடு மட்டும் நடுவே ஊடுருவிப் போகிறது. அதனால்தான் அது மட்டும் பார்த்தது. சுவருக்கு நேராகப் போய் அதைச் சுட்டிருக்கும் சூட்டில் ஒரு பங்கு, அந்த வளையத்தில் ஒளியாகச் சிதறிவிடுகிறது. இது நல்லதா என்று அவர்கள் இன்னும் ஆராய்கிறார்கள். பெரிய விஷயமாக முடியலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். கணக்கைத்தான் திருத்த வேண்டும், போலோமீட்டர்களை அல்ல என்று மட்டும் உறுதியாக எழுதியிருந்தார்கள். அடுத்த ஆர்டரும் அதே மின்னஞ்சலின் கடைசி வரியில் வந்தது.

ஏழாவது சாட்சி சொன்னது உண்மை. இதிலிருந்து சாட்சிகளை நம்ப வேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டால் அது தவறான பாடம். இடம் மாற்றி வைத்துக் கேட்கும் வரை யாரையும் நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம் என்பதுதான் நடந்தது. அந்தப் பொறுமை ஷர்மினியிடம் இருந்தது, அந்த வெளிநாட்டுக்காரர்களிடமும் இருந்தது. தனேஸ்வரியிடம் இருந்தது பொறுமை அல்ல, பயம்தான். ஆனாலும் அந்தப் பயத்தோடு, மாற்றிச் சொல்லாதே என்று கேட்க முடிந்தது. அதற்கு மேல் அவரைப் புகழ வேண்டியதில்லை.

அன்று மாலை புவனேசன் வாசலில் லோரியின் சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். தனேஸ்வரி வந்து விவரத்தைச் சொன்னார். சட்டி இல்லை, அடுப்பு என்றார். புவனேசனுக்கு முழுவதும் விளங்கியதாகத் தெரியவில்லை.

"அப்ப உங்கையில ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்ல."

"அதத்தான நானும் அன்னைக்கே சொன்னேன்?"

"நீங்க எங்க சொன்னீங்க? சூரியனுக்குக் கோவம்னு சொன்னீங்க."

"ரெண்டும் ஒன்னுதான்லா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சக்கரத்துக்குப் போனார். தனேஸ்வரி இந்த முறை சிரித்தார்.

திங்கட்கிழமை அவர் பசைப் பாயில் இரண்டு காலையும் பதித்து, அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய நாற்காலியின் உயரத்தை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அதைத் தன் அளவுக்கு இறக்கினார். நுண்ணோக்கியைத் துடைத்தார், கண்ணை வைத்தார், விளக்கைக் கொஞ்சம் குறைத்தார். முதல் தகட்டை இடுக்கியால் எடுத்து, மூச்சை மெல்ல விட்டு, சட்டத்தின் மேல் இறக்கினார். பல வாரம் விட்டுப்போன கை. ஓரம் ஒட்டி, நடுவில் நூல் போலக் கிழிந்தது.

பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். தனேஸ்வரி கிழிந்ததைக் கழிவுத் தட்டில் போட்டார். அதில் ஏற்கெனவே மற்றவர்கள் கிழித்த தகடுகள் கிடந்தன. எல்லாத் தொழிற்சாலையிலும் கிடப்பதுதான். தோளை ஒருமுறை தளர்த்திவிட்டு, இரண்டாவது தகட்டுக்கு இடுக்கியை நீட்டினார்.